களியை மென்ற பாதிரியார்

எங்கள் பள்ளிக்கூடம் ஒரு களி உருண்டையில் தொடங்கியது. கேலிக்காகச் சொல்லவில்லை. தருமபுரியில் கன்னியாஸ்திரீகள் நடத்தும் அந்தப் பெண்கள் பள்ளியில் எட்டாம் வகுப்பு வரை படித்தவள் நான். ஒவ்வொரு ஆண்டு விழாவிலும் இந்தக் கதையைச் சொல்லித்தான் எங்களை வளர்த்தார்கள்.

ரொம்ப காலத்துக்கு முன்னால் ஒரு வெள்ளைக்காரப் பாதிரியார் மாட்டு வண்டியில் வந்து இறங்கினார். கையில் ஒரு பெட்டி, ஒரு மணி. பள்ளிக்கூடம் வைக்கப் போவதாகச் சொன்னார். ஊரார் ரொம்ப சந்தோஷம் என்றார்கள், ஆனால் பிள்ளைகளை அனுப்பவில்லை. அவர் மணியை அடித்தால் கன்றுக்குட்டி ஒன்று மட்டும் வந்து நின்றது. ஒரு நாள் பசியோடு புளியமரத்தடியில் உட்கார்ந்திருந்தவருக்கு யாரோ ஓர் அம்மாள் இரக்கப்பட்டுக் களியும் கீரைக் கடைசலும் கொடுத்தாள். பாதிரியார் களியை வாயில் போட்டு மென்றார்.

எங்கள் பக்கத்தில் கதையை இந்த இடத்தில் நிறுத்தினால் போதும், எல்லாரும் சிரித்துவிடுவார்கள். வெளியூர்க்காரர்களுக்கு மட்டும் சொல்ல வேண்டும். கேழ்வரகுக் களியை மெல்லக் கூடாது. கிள்ளி எடுத்து, விரலால் உருட்டி, குழம்பில் தோய்த்து, நாக்கில் வைத்து அப்படியே தொண்டைக்குள் வழுக்கி விட வேண்டும். மென்றால் பல்லில் ஒட்டும், அண்ணத்தில் ஒட்டும், மெல்ல மெல்லப் பெருகுகிற மாதிரி இருக்கும். பாதிரியார் மென்றார். அவருடைய தாடி மேலும் கீழும் ஆடியது. வேடிக்கை பார்க்க ஒரு பெண் வந்து சிரித்தாள். அவள் போய்த் தங்கையைக் கூட்டி வந்தாள். தங்கை தெருவையே கூட்டி வந்தாள். பொழுது சாய்ந்தது, அவர் இன்னும் முதல் வாயை முடித்தபாடில்லை. ஒருவழியாக முழுங்கிவிட்டு, "சிரித்தவர்கள் எல்லாரும் நாளைக்கு வாருங்கள், எழுத்துச் சொல்லித் தருகிறேன்" என்றார். மறுநாளும் மெல்லுவார் என்று நம்பி எல்லாரும் வந்தார்கள். அதுதான் முதல் வகுப்பு.

நான் அரிச்சுவடி படித்த காலத்தில் பாதிரியார் பொழுது சாயும் வரைதான் மென்றார். எட்டாம் வகுப்பை முடிப்பதற்குள் வௌவால் பறக்கும் வரை மென்றார். என் மகள் சேர்ந்த வருஷம் கோழி கூவும் வரை மென்றுகொண்டிருந்தார். கட்டடம் பெரிதாகப் பெரிதாகக் கதையும் பெரிதாக வேண்டாமா?

பள்ளியின் நோக்கம் என்னவென்று வரவேற்பு அறையில் ஒரு பலகையில் எழுதித் தொங்கவிட்டிருந்தார்கள். பெண் குழந்தைகளுக்குக் கல்வியும் தையலும் நல்லொழுக்கமும் அளித்து, அவர்களை இறைவனுக்கும் இல்லத்துக்கும் உகந்தவர்களாக்குவது என்று இருக்கும். அந்தப் பலகையை வாரம் ஒருமுறை துடைப்பது என் வேலை. அதனால் மனப்பாடம். அதில் எனக்கு எத்தனை அளித்தார்கள் என்று இன்றுவரை நிச்சயமாகத் தெரியவில்லை. தையல் வரும்.

கல்யாணமாகி நான் வந்த ஊர், பென்னாகரம் ரோட்டில், தருமபுரிக்கு வெளியே சிறிது தூரம். மாமியார் நான் வருவதற்கு முன்பே காலமாகிவிட்டார். வீட்டில் மாமனார், கணவர், நான், பிறகு என் மகள். மாமனாருக்கு நிலமும் மாடும் உண்டு, குரல் பெரிது. தாலுக்கா ஆபீசு குமாஸ்தாவின் மகளான எனக்குக் களி கிண்ட வராது என்பது அவருடைய நீண்டநாள் துக்கம். துடுப்பை எப்படிச் சுழற்றினாலும் எனக்குக் கட்டி விழும். தட்டில் ஒவ்வொரு கட்டியாக ஓரத்தில் எடுத்து வைத்துவிட்டு, "எட்டாவது வரைக்கும் படிச்ச கட்டிம்மா இது. லேசுல கரையாது" என்பார்.

மகளுக்கு ஐந்து வயது முடிந்ததும் நான் படித்த பள்ளிக்கே அனுப்ப ஆசைப்பட்டேன். கணவரிடம் சொன்னேன். "அப்பாகிட்ட நீயே சொல்லு" என்றார். அவர் எதற்கும் அதைத்தான் சொல்வார். கூடத்துக் கதவின் பின்னால் நின்றுகொண்டு மாமனாரிடம் சொன்னேன். அவர் வெற்றிலையை மடித்துக்கொண்டே கேட்டார்:

"அங்க போனா புள்ளைய அவங்க சாமிக்கு இழுத்துக்குவாங்களாமே?"

"இல்லைங்க மாமா. நானும் அங்கதான் படிச்சேன். என்னை இழுக்கலைங்களே."

"உன்னைய இழுத்து என்னா பண்றது? களிகூடக் கிண்டத் தெரியாது" என்றார். கொஞ்ச நேரம் மென்றுவிட்டு, "செரி, ஆண்டு விழா வரைக்கும் போவட்டும். அன்னிக்கி நானே வந்து என் கண்ணால பாக்கறேன். எனக்குச் செரியாப்படலைன்னா மறுநாள்லேர்ந்து வூட்டுலதான். அப்பறம் யாரும் வாயத் தொறக்கக் கூடாது" என்றார்.

இவ்வளவுதான் பேச்சு. அந்த நாளிலிருந்து ஆண்டு விழா வரை நான் நிம்மதியாக மூச்சு விடவில்லை.

பள்ளியில் கிறிஸ்தவப் பிள்ளைகள் ஞானோபதேசம் படிக்கும் நேரத்தில் மற்றப் பிள்ளைகளை வேறு அறையில் உட்காரவைத்து நல்லொழுக்கப் பாடம் நடத்துவார்கள். என் காலத்திலும் அப்படித்தான். ஆனால் இரண்டு அறைக்கும் நடுவில் ஒரு தட்டிதான். என் மகளுக்குத் தட்டிக்கு இந்தப் பக்கம் நடந்ததைவிட அந்தப் பக்கம் நடந்தது பிடித்துவிட்டது. ஒருநாள் தாத்தாவோடு சாப்பிட உட்கார்ந்தவள், கையை நெற்றிக்குக் கொண்டுபோனாள், நெஞ்சுக்குக் கொண்டுபோனாள், ஒரு தோள், மறு தோள். பிறகு சோற்றில் கை வைத்தாள்.

மாமனார் கையில் எடுத்த உருண்டை அப்படியே நின்றது.

"என்னாம்மா பண்ணுது இது?"

"ஈ, மாமா" என்றேன். "ஈ விரட்டறா."

மாமனார் பேத்தியை நிதானமாகப் பார்த்தார். "நெத்தியில ஒண்ணு, நெஞ்சுல ஒண்ணு, ரெண்டு தோள்லயும் ஒவ்வொண்ணு. ரொம்ப ஒழுங்கான ஈயாத்தான் இருக்குது" என்றார்.

அன்று பாத்திரம் கழுவும்போதும் அதே யோசனைதான். உண்மையைச் சொல்லியிருக்கலாமோ என்று நினைத்தேன். சொல்லியிருந்தால் அன்றைக்கே நிறுத்தியிருப்பாரே என்றும் நினைத்தேன். ஈ என்பதற்குப் பதிலாகக் கொசு என்றிருந்தால் பொருத்தமாக இருந்திருக்குமோ என்றுகூட நினைத்தேன்.

ஆண்டு விழா நெருங்கியது. ஒரு நாள் மகள் ஓடிவந்து, "அம்மா, நான்தான் சாமியாரு!" என்றாள்.

பள்ளியின் வரலாற்றை அந்த வருஷம் நாடகமாகப் போடுகிறார்களாம். முதல் பாதிரியார் வேஷம் இவளுக்காம். நான் கையிலிருந்த முறத்தைக் கீழே வைத்தேன். பாதிரியார் என்றால் வெள்ளை அங்கி, தாடி, நெஞ்சில் சிலுவை. ஆறு வயதுப் பேத்தி நெஞ்சில் சிலுவையோடு மேடையில் வந்து நிற்க, கீழே உட்கார்ந்து தன் கண்ணால் பார்க்க மாமனார். வேறு எந்த வேஷம் கொடுத்திருந்தாலும் பரவாயில்லையே.

மறுநாள் கரி பஸ்ஸில் தருமபுரிக்குப் போனேன். இரண்டாவது உலகச் சண்டைக் காலம், பெட்ரோல் கிடையாது. கரி போட்டு ஓடும் அந்த பஸ் மேட்டைக் கண்டால் நின்றுவிடும், நாம் இறங்கித் தள்ள வேண்டும். தள்ளுவதா, மரியாதையாக ஓரத்தில் நிற்பதா என்று நான் யோசித்து முடிப்பதற்குள் மற்றவர்கள் தள்ளி முடித்துவிட்டார்கள். வியர்க்காமலே களைத்துப் போய்ப் பள்ளி வாசலில் இறங்கினேன்.

நாடகத்தை நடத்தும் சிஸ்டரை வரவேற்பு அறையில் பார்த்தேன். புதுச்சேரிப் பக்கத்தவர். குள்ளமாக, சுறுசுறுப்பாக இருப்பார்.

"சிஸ்டர், என் பிள்ளைக்கு வேற வேஷம் ஏதாவது..."

"வேஷத்தை மாத்தறதா? இன்னாம்மா நீ! கடைசி வரிசைக்குக் கேக்கற குரல் இந்த ஸ்கூல்ல உன் பொண்ணுக்குத்தான் இருக்குது."

அது உண்மைதான். எங்கள் கம்பங்கொல்லையில் கிளி விரட்டிப் பழகிய குரல் அது.

"மாடு வேஷம் ஒண்ணு கிடைக்குங்களா?"

"மாடா? மாட்டுக்குத்தாம்மா இங்க அடிதடியே. ரெண்டு மாட்டுக்கும் ஆள் எடுத்தாச்சு. கன்னுக்குட்டிக்கு முன்சீப் வீட்டுப் பொண்ணு, சிபாரிசோட வந்துது."

"புளியமரமாவது..."

"மரத்துக்குப் பேச்சு கிடையாது. உன் பொண்ணு பேசாம நிப்பாளா?"

நிற்கமாட்டாள். நான் குரலைத் தாழ்த்தி, சிலுவை இல்லாமல் பாதிரியாரை நடிக்கவைக்க முடியுமா என்று கேட்டேன். சிஸ்டர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். அப்போது பள்ளியின் தலைவியான மதர் வந்தார். மதர் பிரெஞ்சுக்காரர். புத்தகத்திலிருந்து தமிழ் கற்றதால் புத்தகம் மாதிரியே பேசுவார்.

"மகளே, நீ கவலை கொண்டிருக்கிறாய். உன் முகம் பள்ளியில் படித்தபோதும் இவ்வண்ணமே இருந்தது" என்றார்.

என் பயத்தை ஒருவாறு சொன்னேன். மாமனார் வருகிறார், பார்க்கப் போகிறார், பிடிக்காவிட்டால் நிறுத்திவிடுவார் என்று. பலகையில் எழுதிய நோக்கத்தையெல்லாம் அவருக்கு எப்படி விளக்குவது என்றும் கேட்டேன். மதர் பலகையைத் திரும்பிப் பார்த்தார். அதை அங்கே மாட்டியதே மறந்துபோன மாதிரி இருந்தது.

"அது பெரியோர்கள் எழுதியது. என் நோக்கத்தை நான் கூறுகிறேன். குழந்தைகள் வர வேண்டும். கூரை ஒழுகக் கூடாது. இரண்டும் ஒரே வருடத்தில் நிகழ்ந்தால் நான் இறைவனுக்கு நன்றி கூறுவேன்" என்றார். பிறகு என் கையைத் தட்டிக்கொடுத்து, "சிலுவையை எடுக்க இயலாது. ஆனால் உடையும் தாடியும் தாய்மாரின் பொறுப்பு" என்று சொல்லிவிட்டுப் போனார்.

திரும்பி வருகிற வழியில், பஸ் மேட்டில் நின்றபோது, எனக்கு ஒன்று தோன்றியது. தாடி என் பொறுப்பு. தாடி எவ்வளவு நீளம் என்று யாரும் சொல்லவில்லை.

சிலுவை நெஞ்சில் தொங்கும். தாடி அதற்கு மேல் தொங்கினால் சிலுவை தெரியாது. மாமனார் வயலுக்குப் போகும் பிற்பகல்களில் கற்றாழை நாரை வெள்ளையாகச் சீவி, நூலில் கோத்து, காதில் மாட்டுகிற மாதிரி ஒரு தாடி செய்தேன். முதலில் நெஞ்சு வரை வைத்தேன். குனிந்தால் சிலுவை எட்டிப் பார்க்குமோ என்று வயிறு வரை நீட்டினேன். ஓடினால் விலகுமோ என்று அகலமாக்கினேன். காற்றடித்தால் என்று நினைத்து இன்னும் கொஞ்சம் நார் சேர்த்தேன். முடிந்தபோது அது மகளின் முழங்காலைத் தொட்டது. அங்கிக்குக் கணவருடைய முழுக்கை ஜிப்பா. சண்டையில் துணிக்குத் தட்டுப்பாடு, வேறு வழியில்லை. அதையும் தாடியையும் மாட்டிவிட்டுப் பார்த்தேன். மூக்கும் இரண்டு கண்ணும்தான் தெரிந்தன.

கணவர் உள்ளே வந்து பார்த்துவிட்டுச் செருப்பைக் கழற்றினார்.

"யாரு இது?"

"பாதிரியார்."

"எந்த யுகத்துப் பாதிரியார்?" என்றார்.

சிஸ்டரும் கிட்டத்தட்ட அதையேதான் கேட்டாராம். வரவேற்பு அறையில் மாட்டியிருந்த படத்தில் முதல் பாதிரியாருக்குக் கையகலத் தாடிதான். ஆனால் வேறு தாடி செய்ய நேரமில்லை. தவிர, இவள் அதைக் கழற்றமாட்டேன் என்று பிடிவாதம். அதனால் விட்டுவிட்டார்கள்.

ஒத்திகைகளில் களி கிடையாது. விடுதிப் பிள்ளைகளுக்கே அளந்துதான் சாப்பாடு. நடிப்புக்காகக் களியை வீணாக்க மதர் சம்மதிக்கவில்லை. அதனால் காலித் தட்டை வைத்து ஒத்திகை பார்த்தார்கள். என் மகள் காற்றை எடுத்து வாயில் போட்டு அவ்வளவு அழகாக மென்றாளாம். தாடி ஆட, கண் பிதுங்க, சிஸ்டருக்கே சிரிப்பு தாங்கவில்லையாம். விழாவன்றைக்கு மட்டும் உண்மைக் களி வேண்டும், உங்கள் வீட்டில்தான் கேழ்வரகு விளைகிறதே, ஒரே ஒரு தட்டு கொண்டு வாருங்கள் என்று சொல்லி அனுப்பினார்.

நான் கிண்டிய களி, ஊர் முன்னால். 

விழா நாள் காலையில் உலையில் மாவைப் போட்டுத் துடுப்பைப் பிடித்தேன். கட்டி விழுந்தால் விழட்டும், மெல்லத்தானே போகிறாள், கட்டி இருந்தால் மெல்ல வசதியாகத்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டே கிண்டினேன். முதல்முறையாக ஒரு கட்டிகூட விழவில்லை. பளபளவென்று கறுத்த உருண்டை, தொட்டால் வழுக்கியது. மாமனார் எட்டிப் பார்த்தார். உருண்டையைச் சுற்றி வந்து பார்த்தார்.

"நீயா கிண்டுன?"

"ஆமாங்க மாமா."

"இத்தினி வருசமா இத எங்க ஒளிச்சு வெச்சிருந்த?" என்றார். தமக்கும் கொஞ்சம் கேட்பார் போலிருந்தது. நாடகத்துக்கு என்றதும் முகம் வாடிவிட்டது. மகளோ தாடி மாட்டுகிற அவசரத்தில் காலையில் ஒன்றும் சாப்பிடவில்லை. அதை நான் அப்போது கவனிக்கவில்லை. நான் கவனித்ததெல்லாம் தாடியைத்தான்.

பள்ளி முற்றத்தில் பந்தல் போட்டிருந்தார்கள். சேலத்திலிருந்து விருந்தினராக வந்திருந்த வயதான வெள்ளைக்காரப் பாதிரியார் முன்னால் நாற்காலியில் இருந்தார். அவருக்கு இரண்டு ஆள் தள்ளி பெஞ்சில், தலையில் உருமால் கட்டிக்கொண்டு, தடியை முழங்காலுக்கு நடுவே ஊன்றியபடி என் மாமனார். நான் பெண்கள் பக்கத்தில் பாயில் உட்கார்ந்தேன். நாடகத்தைப் பார்க்க அல்ல, மாமனார் முகத்தைப் பார்க்க.

திரை விலகியது. முன்காலுக்கு ஒருத்தி, பின்காலுக்கு ஒருத்தியாக இரண்டு மாடும் ஒன்றை ஒன்று இடித்துக்கொண்டு வந்தன. பின்னால் பாதிரியார் இறங்கினார். பெட்டி, மணி, முழங்கால் வரை தாடி.

மாமனார் நிமிர்ந்து உட்கார்ந்தார். பக்கத்திலிருந்தவரிடம் அவர் மெதுவாகப் பேசுவதாக நினைத்துக்கொண்டு சொன்னது பந்தல் முழுவதும் கேட்டது:

"யாரோ ரிஷி போலிருக்குது. நல்லாத்தான் எடுக்கறாங்க."

எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. சிலுவையின் நுனிகூடத் தெரியவில்லை. நாரைச் சேர்த்துக்கொண்டே போனது சரிதான் என்று முதல்தடவையாக நான் செய்த ஒரு காரியத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

பாதிரியார் மணி அடித்தார். கன்றுக்குட்டி வந்தது. முன்சீப் கை தட்டினார். பிறகு புளியமரத்தடி. மரமாக நின்ற பெண் மூக்கைச் சொறிந்தாள். ஓர் அம்மாள் வேஷக்காரி, நான் கிண்டிய களியையும் கீரைக் கடைசலையும் கொண்டுவந்து வைத்தாள். தெருப்பிள்ளைகளாக நடிப்பவர்கள் சுற்றி நின்றார்கள், சிரிக்கத் தயாராக.

என் மகள் தட்டைப் பார்த்தாள். ஒத்திகையில் இந்தத் தட்டில் ஒன்றும் இருந்ததில்லை. இப்போது களி இருந்தது. கட்டியில்லாத களி. அவளுக்குப் பசி. குனிந்தபோது தாடி நேராகக் கீரைக்குள் போய் விழுந்தது. அவள் ஒரு கணம்கூட யோசிக்கவில்லை. தாடியை அப்படியே அள்ளி, எங்கள் ஊர் ஆண்கள் துண்டைப் போடுகிற மாதிரி, தோளுக்குப் பின்னால் வீசிப் போட்டாள்.

சிலுவை வெளியே வந்தது. பள்ளித் தச்சர் செய்த சிலுவை, அவள் நெஞ்சு அகலத்துக்கு. வெயில் நேராக அதில் விழுந்தது.

நான் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டேன். மாமனாரைப் பார்க்க தைரியமில்லை. ஆனாலும் பார்த்தேன். அவர் கழுத்தை முன்னால் நீட்டிக்கொண்டிருந்தார். ஆனால் அவர் பார்த்தது சிலுவையை அல்ல.

என் மகள் களியைக் கிள்ளினாள். உருட்டினாள். கட்டைவிரலால் நடுவில் ஒரு குழி வைத்தாள். கீரையில் தோய்த்தாள். வாயில் போட்டாள். தொண்டை ஒருமுறை அசைந்தது. போயிற்று. மெல்லவே இல்லை.

தெருப்பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்த வசனம் ஒன்றுதான். அதை அவர்கள் சொன்னார்கள்.

"ஐயையோ, சாமியாரு மெல்லறாரு பாருங்கடி!"

அடுத்த உருண்டை. போயிற்று.

"ஐயையோ, சாமியாரு மெல்லறாரு பாருங்கடி!"

மூன்றாவதும் போயிற்று. பிள்ளைகளில் ஒருத்திக்குப் பொய் சொல்ல மனம் வரவில்லை. "இல்லடி, முழுங்கறாருடி" என்றாள்.

திரையோரத்தில் சிஸ்டர் தெரிந்தார். தாடையைப் பெரிதாக மேலும் கீழும் ஆட்டி மென்று காட்டினார். என் மகள் அவரைப் பார்த்தாள். சிஸ்டருக்கும் பசி என்று நினைத்துக்கொண்டாள் போலிருக்கிறது. ஒரு உருண்டை உருட்டி அவர் பக்கம் நீட்டினாள்.

"அப்பிடித்தான்! போடு கண்ணு, போடு!" என்றது ஒரு குரல். மாமனார் எழுந்து நின்றிருந்தார். தடியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, "மென்னுடாத! வழுக்கி வுடு! அப்பிடி!" என்றார்.

பந்தலே சிரித்தது. முன்சீப் சிரித்தார், மரம் சிரித்தது, ஒரு மாடு பின்பாதியை விட்டுவிட்டு வந்து சிரித்தது. பள்ளியின் வரலாறு தட்டில் இருந்து ஒவ்வொரு உருண்டையாக மறைந்துகொண்டிருந்தது. இந்தப் பாதிரியார் இவ்வளவு நன்றாகக் களி தின்றால் யார் வேடிக்கை பார்த்திருப்பார்கள், யார் சிரித்திருப்பார்கள், பள்ளி எப்படி வந்திருக்கும்? மதர் கைக்குட்டையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். அழுகிறாரா என்று பயந்தேன். தோள் குலுங்கிய விதத்தைப் பார்த்தால் அப்படித் தெரியவில்லை.

தட்டு காலியானதும் என் மகள் விரலை நக்கினாள். எழுந்து நின்றாள். அடுத்த வசனம் அவளுக்கு நன்றாக நினைவிருந்தது. மேடையில் தெருப்பிள்ளைகள் யாரும் சிரிக்காததால் பந்தலைப் பார்த்து, கிளி விரட்டுகிற குரலில் சொன்னாள்:

"சிரிச்சவங்க எல்லாரும் நாளைக்கு வாங்க! எழுத்துச் சொல்லித் தரேன்!"

திரை விழுந்தது. பாதி விழுந்து சிக்கிக்கொண்டது. அதன் கீழே மாட்டின் நாலு காலும் பாதிரியாரின் இரண்டு காலும் கொஞ்ச நேரம் தெரிந்தன.

விழா முடிந்ததும் மகளை அழைத்துக்கொண்டு ஓசைப்படாமல் வண்டிக்குப் போய்விடலாம் என்று பார்த்தேன். முடியவில்லை. சேலத்துப் பாதிரியார் இவளைக் கூப்பிட்டுவிட்டார். இவளுடைய முழங்கால் தாடியைத் தம் தாடியோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு, "எனக்கு இது வராது. இத்தனை வருஷமாக முயல்கிறேன், இன்னும் மெல்லுகிறேன்" என்று நல்ல தமிழில் சொன்னார்.

மாமனார் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். பேத்தியின் பக்கத்தில் நின்றார். நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

"மெல்லறீங்களா?" என்று கேட்டார். "இன்னுமா?"

"இன்னும்" என்றார் பாதிரியார்.

"யாரும் சொல்லித் தரலைங்களா?"

"இல்லை."

மாமனார் உச்சுக்கொட்டினார். அந்த மனிதருக்காக உண்மையாகவே வருந்தினார். "தாடையத் தளத்தி வுடணுங்க. பல்லு இருக்கறதையே மறந்துடணும். பாப்பா, காட்டு சாமியாருக்கு" என்றார். என் மகள் வெறும் கையால் கிள்ளி, உருட்டி, முழுங்கிக் காட்டினாள். பாதிரியாரும் செய்தார். வெறும் காற்றையே அவர் மென்றுதான் முழுங்கினார். மாமனார் தலையில் அடித்துக்கொள்ளாத குறை.

மாட்டு வண்டியில் வீடு திரும்பினோம். மகள் தாத்தா மடியில் வயிறு உப்பத் தூங்கினாள். கணவர் மாட்டின் முதுகையே பார்த்துக்கொண்டு ஓட்டினார். மாமனார் ஒன்றும் சொல்லாமல் வருகிறாரே, கோபமா என்று பார்த்தேன். வீட்டுக்குப் போய்ச் சொல்வாரா, நாளைக்குச் சொல்வாரா? நானே கேட்டால் நினைவூட்டியதாகிவிடுமோ? கேட்காவிட்டால் ஒளித்ததாகிவிடுமோ? கடைசியில் வாய் தானாகவே கேட்டுவிட்டது.

"மாமா, நாளைலேர்ந்து பாப்பா..."

"நாளைக்கு ஞாயித்துக்கெழம" என்றார் மாமனார். "எட்டாவது படிச்சதுக்கு அதுகூடவா தெரியல?"

"இல்லைங்க மாமா, திங்கக்கிழமை..."

"திங்கக்கெழம என்னா? போவ வேண்டியதுதான்." அவருக்கு இன்னும் அந்த வருத்தம் தீரவில்லை. "அந்த மனுசன் கடல் தாண்டி வந்து, வயசாகி, இன்னும் மென்னுக்கிட்டுக் கெடக்கறாரு. இந்தம்மாளுங்களுக்கும் ஒண்ணும் தெரியல. அந்தக் குள்ளம்மா பாத்தியா, மெல்லு மெல்லுன்னு சொல்லித் தருது! நம்ம புள்ளையும் போவலைன்னா அவங்கள யாரு திருத்தறது?"

கணவர் இருமினார். அது சிரிப்பா இருமலா என்று கேட்கவில்லை. நான் முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டு, சும்மா இருந்திருக்க வேண்டியவள், இன்னொன்றும் கேட்டேன்.

"அந்த... வேஷம்... உங்களுக்குச் சங்கடமா..."

"எது, அந்தக் குறுக்குக்கட்டையா? முதல்லயே பாத்தேன். மாட்டு வண்டியிலேர்ந்து எறங்கறப்பவே தாடிக்குள்ள பொடச்சுக்கிட்டு இருந்துச்சு. தேக்குக் கட்ட, நல்ல வேல." பேத்தியின் தலையைச் சரியாகத் தூக்கி வைத்தார். "தாடிதாம்மா மோசம். அத்தினி நாரையும் வுட்டிருந்தா நாலு மாட்டுக்குக் கயிறு திரிச்சிருக்கலாம்."

திங்கட்கிழமை காலையில் நான் எழுவதற்கு முன்பே மாமனார் வண்டி பூட்டிவிட்டார். மகள் எழுந்திருக்கவில்லை. ஞாயிறு முழுவதும் தாத்தாவோடு உட்கார்ந்து களி விழுங்கி, பாதிரியாருக்குச் சொல்லித்தரப் பாடம் பார்த்ததில், அவளுக்கு வயிறு கல்லாக இருந்தது. போர்வையை முகத்தில் இழுத்துக்கொண்டு, "நான் பள்ளிக்கூடம் போவல" என்றாள்.

நான் நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன். சுடவில்லை. ஓமத்தண்ணீர் கொடுக்கலாமா, கொடுத்தால் வாந்தி வருமா, ஒரு நாள் வீட்டில் வைத்துக்கொண்டால் என்ன, வைத்துக்கொண்டால் அதுவே பழக்கமாகிவிடுமா என்று நான் நின்றுகொண்டிருந்தபோது, வாசலிலிருந்து மாமனாரின் குரல் வந்தது.

"என்னாம்மா அங்க?"

"வயிறு வலிக்குதாம் மாமா. இன்னைக்கு வேண்டாம்னு..."

"வேணாமா? யாரு சொன்னது?" அவர் உள்ளே வந்தார். போர்வையோடு அவளை வாரித் தோளில் போட்டுக்கொண்டார். "இந்தச் சாக்கெல்லாம் எங்கிட்ட நடக்காது. ஒரு நாளு போவலைன்னா பாடம் போயிடும்" என்று சொல்லிக்கொண்டே வண்டிக்கு நடந்தார். நான் சீப்பையும் அவளுடைய சிலேட்டுப் பலகையையும் எடுத்துக்கொண்டு பின்னால் ஓடினேன்.